டிசிப்ளின் சார் நடத்திய தியானம்

"இங்க என்ன பண்றீங்க?"

மேனேஜரின் குரல் தலைக்கு மேலிருந்து வந்தது. மாடிப்படி வளைவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த டிசிப்ளின் சார், கைபேசியைச் சட்டென்று தொடைக்கு அடியில் தள்ளினார். கண்ணைத் திறக்கவில்லை. திறந்து வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவருக்கு வராது.

"தியானம் சார்."

தண்ணீர்த் தொட்டி தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் அவருக்கு பில் போடும் வேலை. மேஜையில் பேனாக்களை உயரவாரியாக அடுக்கி வைத்ததால் வந்த பட்டப்பெயர் அது. ஷேர் வியாபாரத்திலும் மனிதர் அப்படித்தான். மார்க்கெட் திறந்ததும் ஒரே ஒரு கம்பெனி ஷேரை வாங்க வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதற்குள் அதை விற்றுவிட வேண்டும். ஆசைப்படக் கூடாது, பயப்படக் கூடாது. படபடப்பு வந்தால் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட வேண்டும். இந்த விதிகளை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. லாபம்தான் இன்னும் வரவில்லை. ஒழுக்கம் வந்துவிட்டதே, லாபம் எங்கே போய்விடும் என்று இருந்தார்.

மார்க்கெட் திறக்கும் நேரமும் ஆபீஸ் திறக்கும் நேரமும் ஒன்றாக இருந்ததுதான் தொல்லை. வேலை நேரத்தில் கைபேசியைத் தொட்டால் சீட்டுக் கிழியும். ஸ்டோர்கீப்பரை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். டிசிப்ளின் சாரின் மனைவியும் கறாராகச் சொல்லிவிட்டாள்: "காசு போனது போகட்டும். இந்த வேலையும் போச்சுன்னா நானும் பாப்பாவும் உங்க ஒழுக்கத்தையா சாப்பிடறது?"

மேனேஜர் ஒரு படி இறங்கி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர் எனக்கும் இதைத்தான்யா சொன்னாரு. பிரஷர் எகிறுதாம். நாளைலேர்ந்து எனக்கும் சொல்லிக் குடுங்க."

மறுநாள் மேனேஜர் முதல் ஆளாக வந்து படியில் காத்திருந்தார். மார்க்கெட் திறந்துவிட்டது, கைபேசி பையில் இருக்கிறது, பக்கத்தில் மேனேஜர் இருக்கிறார்.

"கண்ணை மூடுங்க சார். நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது. திறந்தீங்கன்னா பிரஷர் ரெண்டு மடங்கா ஏறும்."

மேனேஜர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். டிசிப்ளின் சார் நிம்மதியாகக் கைபேசியை எடுத்து, ஷேர் வாங்கி, அது சரிவதைப் பார்த்து, விற்றார். இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

அந்த வாரமே ஆபீஸ் முழுக்கக் கூட்ட அறைக்கு வந்துவிட்டது. மேனேஜரின் ஏற்பாடு. பில் பிரிவு, ஸ்டோர், வாசல் காவலர், தபால் பிரிவு அக்கா எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டிசிப்ளின் சார். ஆளுக்கு ஒரு ஜோடி கண். அத்தனையும் ஒழுங்காக மூடியிருக்கிறதா என்று பார்க்கவே அவருக்கு நேரம் போதவில்லை. அன்றைக்கு வாங்க வேண்டியதை விற்று, விற்க வேண்டியதை வாங்கி, ஒரே குளறுபடி.

நாலைந்து நாள் கழித்து தபால் பிரிவு அக்கா சொன்னார். அந்த ஆபீஸில் பழைய ஆள் அவர்தான். எல்லாரும் அவருக்குத் தம்பிதான்.

"தம்பி, உங்களைப் பார்த்து உக்காந்தா எனக்கு சிரிப்பு சிரிப்பா வருது. நீங்க சுவரைப் பார்த்து உக்காருங்களேன். நாங்க உங்க பின்னால உக்காந்துக்கிறோம்."

"பின்னாலயா?"

"அதான் குருவுக்கு மரியாதை," என்றார் மேனேஜர் உடனே.

எதிரில் யாரும் இல்லாவிட்டால் தனக்கும் வசதிதானே என்று டிசிப்ளின் சார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எல்லாரும் பின்னால் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். முதல் வரிசைக்கு ஒரு சின்ன தள்ளுமுள்ளே நடந்தது. தியானத்துக்கு இப்படி ஒரு கிராக்கியா என்று அவருக்கு மலைப்பாக இருந்தது.

அதன் பிறகு நடந்தது எதுவும் அவர் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு நாள் அவர் வாங்கிய ஷேர் தலைகீழாக விழுந்தது. விற்கப் போனால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றி முடிவதற்குள் ஷேர் பாதாளத்துக்குப் போய்விட்டது. விதியை மறந்து, "ஐயோ, போச்சே!" என்று கத்திவிட்டார்.

பின்னாலிருந்து எல்லாரும் ஒரே குரலில், "ஐயோ, போச்சே!" என்றார்கள்.

அவர் அவசரமாகக் கைபேசியைப் பைக்குள் திணித்தார். மேனேஜர் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார்.

"பிரமாதம்யா! மனசுல இருந்த பாரமெல்லாம் போச்சு."

மேனேஜரின் முகம் பளபளவென்று இருந்தது. வாசல் காவலர் சீட்டியடித்துக்கொண்டு போனார். அன்று மாலை தபால் பிரிவு அக்கா எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். டிசிப்ளின் சாருக்கு மட்டும் ரெண்டு துண்டு.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்பினார்.

"ஒண்ணுமே புரியல. நான் நொந்து நூலாகி எந்திரிக்கிற அன்னைக்கெல்லாம் அவங்க சிரிக்கிறாங்க. போன மாசம் ஒரே ஒரு நாள் எனக்கு லாபம் வந்துச்சு. அன்னைக்கு எல்லார் மூஞ்சியும் எழவு வீடு மாதிரி இருந்துச்சு."

"அவங்களுக்கு நிஜமாவே தியானம் பலிக்குது போலிருக்கு. உங்களை நம்பிக் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்காங்க பாவம். நீங்க அவங்க முன்னாடி உக்காந்து சூதாடறீங்க."

"சூது இல்ல. டிசிப்ளினா பண்றேன்."

"டிசிப்ளினா தோத்துட்டு வர்றீங்க. அதையாவது ஒத்துக்குங்க."

அவருக்குச் சுருக்கென்றது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. காசு போன துக்கம்கூடப் பழகிவிட்டது. கண்ணை மூடி நம்பிய மனிதர்களை ஏமாற்றுகிறோமே என்பதுதான் நெஞ்சை அறுத்தது. பின்னால் விரல்கள் மெல்லத் தட்டும் சத்தம் அவருக்குத் தினமும் கேட்கும். மனம் அடங்கினால் விரல் இப்படித் துடிக்கும் போல, தனக்கு மட்டும் அந்த நிலை வாய்க்கவில்லையே என்று ஏங்கியிருக்கிறார்.

விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார். எப்படிச் சொல்வது என்று குழம்பிக்கொண்டிருந்தபோதே மேனேஜர் ஓடிவந்தார்.

"நாளைக்கு முதலாளியே வர்றாருய்யா! நம்ம தியானத்தைப் பத்திச் சொன்னேன். நேர்ல பார்க்கணும்னாரு."

போச்சு, சோலி முடிந்தது என்று டிசிப்ளின் சார் நினைத்தார். லீவு போட்டுவிடலாம் என்று, "சார், எனக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு," என்றார்.

"ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு வந்தாவது உக்கார வைப்போம்."

சொன்னது மட்டுமில்லை, மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் கம்பெனி காரே வந்து நின்றது. பின் சீட்டில் தபால் பிரிவு அக்கா உட்கார்ந்திருந்தார்.

"போன் எடுத்துக்கிட்டீங்களா தம்பி? சார்ஜ் இருக்கா?"

தியானத்துக்கு எதற்குச் சார்ஜ் என்று யோசித்துக்கொண்டே அவர் காரில் ஏறினார்.

கூட்ட அறையில் முதலாளி ஏற்கனவே முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார். வயதான மனிதர், மூட்டு வலியோடு சம்மணம் போட முயன்றுகொண்டிருந்தார். பார்க்கவே பரிதாபமாக இருந்தது. டிசிப்ளின் சார் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மார்க்கெட் திறந்தது. கைபேசியை அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக உண்மையிலேயே கண்ணை மூடித் தியானம் செய்தார்.

பின்னால் யாரோ இருமினார்கள். இன்னொருவர் தொண்டையைக் கனைத்தார். கொஞ்ச நேரத்தில் கிசுகிசுப்பு கிளம்பியது.

"தம்பி..." அக்காவின் குரல். "இன்னைக்கு ஒண்ணும் பண்ணலையா?"

அவரால் தாங்க முடியவில்லை. திரும்பி எழுந்து நின்றார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"என்னை மன்னிச்சுடுங்க. நான் ஒரு நாள்கூடத் தியானம் பண்ணல. உங்களையெல்லாம் கண்ணை மூடச் சொல்லிட்டு ஷேர் வாங்கி வித்துட்டிருந்தேன். வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி. இனிமே ஷேர் பக்கமே போகப் போறதில்ல. இன்னையோட விட்டுட்டேன்."

மேனேஜரின் முகம் வெளுத்துப் போயிற்று. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"விட்டுட்டீங்கன்னா... முழுசாவா?"

"முழுசா சார்."

முதலாளி தட்டுத் தடுமாறி எழுந்து மேனேஜரை முறைத்தார்.

"இதுக்கா என்னை அவ்வளவு தூரத்திலிருந்து வரவழைச்சே?"

தன் கதை முடிந்தது என்று டிசிப்ளின் சார் தலையைக் குனிந்துகொண்டார். மனைவியிடம் என்ன சொல்வது, பாப்பா முகத்தில் எப்படி முழிப்பது என்று மனம் தத்தளித்தது. அப்போது தபால் பிரிவு அக்கா பாய்ந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எங்க வயித்துல அடிச்சுடாதீங்க தம்பி! நீங்க வாங்குறதையெல்லாம் வித்து, நீங்க விக்கிறதையெல்லாம் வாங்கித்தானே நாங்க இத்தனை பேரும் பொழைச்சுக்கிட்டிருக்கோம்!"