பூனை சின்ன நாய் இல்லை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாளும் நலமென நம்புகிறேன். இங்கு நானும் மனைவியும் மகனும் தங்கள் மகளும் நலம். அவள் திருமணமாகி வந்தபோது கூடவே அழைத்துவந்த நாய், தேவைக்கு அதிகமாகவே நலம். எங்கள் பூனை நலமில்லை. இக்கடிதம் அதைப் பற்றியது.

சென்ற ஆண்டு தாங்கள் எங்கள் சமையலறை வாசலில் நின்று, தரையிலிருந்த இரு தட்டுகளையும் பார்த்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. "என்னங்க சம்பந்தி, உங்க பூனைக்கு மீனு, எங்க பொண்ணோட வந்த நாய்க்கு வறட்டு உருண்டையா? வாயில்லா ஜீவன்கிட்ட கூடவா பாரபட்சம்?" தத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற நான் பதில் சொல்ல வாய் திறந்தேன், மனைவி என் காலை மிதித்தாள். அடுத்த வாரமே தாங்கள் நாய்த்தீனி மூட்டையொன்றைத் தோளில் சுமந்துவந்து, இரு தட்டிலும் தங்கள் கையாலேயே சமமாகக் கொட்டி, "இப்பதான் ரெண்டு வீடும் ஒண்ணாச்சு" என்றீர்கள். பூனை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. நான் மனைவியைப் பார்த்தேன். "மூட்டை தீர்ற வரைக்கும் பொறுத்துக்கோங்க. சம்பந்தி மனசு நோகக் கூடாது" என்றாள். மூட்டை தீரவேயில்லை, தீருமுன் அடுத்ததோடு தாங்கள் வந்துகொண்டேயிருந்தீர்கள்.

சென்ற மாதம் பூனை நாற்காலியில் முட்டிக்கொண்டது. நாற்காலியை நகர்த்தியதற்காக மகனைக் கடிந்துகொண்டேன். பிறகு சுவரில் முட்டியது. சுவரை யாரும் நகர்த்தவில்லை.

கால்நடை மருத்துவர் அதன் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, என்ன உணவு என்றார். சொன்னேன். "சார், பூனைங்கிறது சின்ன சைஸ் நாய் இல்ல" என்றார். நாய் சோற்றையும் செரித்துக்கொள்ளும். பூனை இறைச்சிக்கென்றே பிறந்தது. டாரின் என்றொரு சத்து கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டும். பொதுவாக நாயின் உடல் அதைத் தானே செய்துகொள்ளும், பூனையின் உடலால் போதிய அளவு செய்ய இயலாது. பூனைக்குப் போதுமான அளவு அது நாய்த்தீனியில் இருப்பதில்லை. தாங்கள் சமத்துவம் என்று கொட்டியது என் பூனையின் பார்வையைத் தின்றுவிட்டது. போன பார்வை திரும்பாதாம். உணவை மாற்றினால் இதயம் தப்பலாமாம். அன்றே பூனையை மீனுக்கு மாற்றிவிட்டோம்.

ஆகவே, வரும் ஞாயிறன்று தங்கள் நாயை அழைத்துக்கொண்டு, மிச்ச மூட்டையையும் எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். மருமகளிடம் நானே பேசிக்கொள்வேன்.

அவரவர்க்கு உரியதை அவரவர் உண்டு தங்கள் குடும்பம் நீடு வாழ்க என வாழ்த்தும்,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் கூடத்தில் மணிச்சத்தம் கேட்டது. நாயின் கழுத்துப்பட்டையில் மருமகள் கட்டிய மணி. நாய் நாலடி நடந்து, நின்று, திரும்பிப் பார்க்கிறது. பூனை அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, எதிலும் முட்டாமல், தன் மீன் தட்டுக்கு வந்து சேர்கிறது. அது உண்டு முடிக்கும்வரை நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எச்சில் ஒழுகுகிறது, ஆனாலும் உட்கார்ந்திருக்கிறது. கடிதத்தைக் கிழிக்க மனமில்லை, மேலே உள்ள கோபம் அத்தனையும் உண்மை. ஆனால் நாய் இங்கேயே இருக்கட்டும். ஞாயிறன்று சாப்பிட வாருங்கள். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்று தயங்க வேண்டாம். தயவுசெய்து வெறுங்கையோடு வாருங்கள்.