ஒரு குறையும் இல்லாத எஞ்சின்

பெயிண்ட் இன்னும் காயவில்லை. அம்புரோஸ் எஞ்சினின் மேல்மூடியை ஆள்காட்டி விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் நீலமாகத் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் லோடு ஆட்டோ சத்தம் கேட்டது.

"ரோசம்மா, ஆள் வந்தாச்சு! விசிறு, விசிறு!"

ரோசம்மாள் சுளகால் வேகமாக விசிறினாள். "விடிஞ்சதுல இருந்து விசிறுதேன். பெயிண்ட் காயல, என் கைதான் ஓஞ்சு போச்சு."

"ஐயோ, நிறுத்து, நிறுத்து! எஞ்சின் ஆறிப்போயிரும்!"

"விசிறணுமா, வேண்டாமா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

அம்புரோஸுக்கே தெரியவில்லை. பெயிண்ட் காய வேண்டும், எஞ்சின் ஆறக் கூடாது. ஆறிவிட்டால் அதற்கப்புறம் நாற்பது தடவை கயிற்றை இழுத்தாலும் கிளம்பாது. அதற்காகத்தான் காலையிலேயே தோள்பட்டை கழன்றுபோக இழுத்து, டிரம் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார்.

மீன்பிடி வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற பதினெட்டு வயசு எஞ்சின் அது. இன்றைக்கு அது கைமாறியே ஆகவேண்டும். தூத்துக்குடிக் கடையில் அம்புரோஸ் ஒரு புது எஞ்சினைச் சொல்லிவைத்திருந்தார். இன்று சாயங்காலத்துக்குள் இதை விற்றுவிட்டுப் போய் எடுக்காவிட்டால், கடைக்காரர் அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அப்புறம் நாளையிலிருந்து மறுபடியும் மச்சினன் ஜோன்ஸின் வள்ளத்தில் கூலிக்குப் போகவேண்டியதுதான். எட்டு மாசமாக அதுதான் பிழைப்பு. ஜோன்ஸ் தங்கமான பையன். ஆனால் ஒவ்வொரு தடவை வலை இழுக்கும்போதும், "மச்சான், பைய இழுங்க, இடுப்பு பிடிச்சிரப் போவுது" என்பான். முப்பது வருசம் சொந்த வள்ளத்தில் நின்ற மனுசனுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் சுண்டல் விற்கப் போய்விடலாமா என்றிருக்கும்.

ஆட்டோ வாசலில் வந்து நின்றது. டிரைவர் அசன் மைதீன் இருக்கையை விட்டு இறங்காமல் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். பக்கத்திலிருந்து இறங்கியவர்தான் ஹெப்ரான். பாளையங்கோட்டைக்காரர். தேய்த்த வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, பையில் ஒரு சின்ன நோட்டு. "பழைய எஞ்சின் ஒண்ணு விலைக்கு இருக்காமே, வந்து பாக்கேன்" என்று போனில் சொன்னதோடு சரி. எதற்கு, யாருக்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

"வாங்க அண்ணாச்சி! இதுதான் நம்ம எஞ்சின்."

ஹெப்ரான் நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்துக்கொண்டு, எஞ்சினைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். பிறகு உள்ளங்கையை மூடிமேல் வைத்தார்.

"சூடா இருக்கே?"

"வெயிலு, அண்ணாச்சி."

எஞ்சின் ஓலைப் பந்தலுக்குள் ஒரு மரச்சட்டத்தில் மாட்டியிருந்தது. ஹெப்ரான் நிமிர்ந்து ஓலையைப் பார்த்தார்.

"வெயில் இப்பத்தான் அங்கன நகந்துச்சு" என்றார் அம்புரோஸ்.

ஹெப்ரான் கையை எடுத்தார். உள்ளங்கை முழுக்க நீலம். மூடியிலோ அவருடைய ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தன. அந்த இடத்தில் பூசி மறைத்திருந்த விரிசல் லேசாக எட்டிப்பார்த்தது. ஹெப்ரானின் முகம் சட்டென்று மலர்ந்த மாதிரி இருந்தது.

"இது விரிசலா?"

"சேச்சே! பெயிண்ட் கோடு. எங்க வள்ளத்துக்கெல்லாம் அழகுக்குப் போடுதது."

மலர்ந்த முகம் வாடியது. ஹெப்ரான் நோட்டில் எதையோ எழுதப் போய் எழுதாமல் விட்டார்.

அடுத்து கீழே சொட்டுச் சத்தம் கேட்டது. எஞ்சினின் கீழ்ப்பெட்டியில் தண்ணீர் புகுந்து, உள்ளே இருந்த ஆயில் மோராக வெளுத்திருந்தது. அதைக் காலையில்தான் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினார். ஆனால் திருகை மூடும்போது வாஷர் கிழிந்துவிட்டது. அம்புரோஸ் மனைவியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ரோசம்மாள் மீன் சட்டியை எஞ்சினுக்கு அடியில் தள்ளி, அங்கேயே அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து சாளை மீனை ஆய ஆரம்பித்தாள்.

"அம்மா, கொஞ்சம் நகந்துக்கிடுங்க. அடியில பாக்கணும்."

"நகந்தா மீனு கெட்டுரும் அண்ணாச்சி. குழம்புக்கு வேற நேரமாச்சு."

ஹெப்ரான் குனிந்து சட்டிக்குள் பார்த்தார். "மீன் மேல எண்ணெய் மிதக்கு?"

"நெய்ச்சாளைல்லா! இந்த மாசம் அப்படித்தான் மிதக்கும்" என்றாள் ரோசம்மாள், கண் இமைக்காமல்.

ஹெப்ரான் பெருமூச்சு விட்டார். மனுசன் விவரமான ஆள், எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டான், மரியாதைக்காகச் சொல்லாமல் இருக்கிறான் என்று அம்புரோஸுக்குத் தோன்றியது.

அப்போது பார்த்து ஜோன்ஸ் வந்து நின்றான். "மச்சான், நான் கடலுக்குப் போணும். என் விசிறி எங்க?"

எஞ்சினுக்குக் கீழே தண்ணீரைத் தள்ளும் விசிறி ஜோன்ஸுடையது. அம்புரோஸுடைய விசிறியில் ஒரு இலை பாதி உடைந்து கிடந்ததால், நேற்று இரவல் வாங்கி மாட்டியிருந்தார். ஹெப்ரான் ஆவலோடு திரும்பினார்.

"என்ன விசிறி?"

அம்புரோஸ் கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஜோன்ஸைப் பார்த்தார். ஜோன்ஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் உதவி செய்ய ஆரம்பித்தால் அவனுக்கு நிறுத்தத் தெரியாது.

"வீட்டுல காத்தாடுற விசிறி அண்ணாச்சி. இந்த எஞ்சினைப் பாக்கவா வந்தீய? நான்தான் முதல்ல கேட்டேன். மச்சினனுக்கே தரமாட்டேன்னுட்டாரு! மணப்பாடு போய்த் திரும்புத வரைக்கும் ஒரு இருமல் கிடையாது, ஒரு தும்மல் கிடையாது. இன்னும் இருவது வருசத்துக்கு இதைத் திறந்துகூடப் பாக்க வேண்டாம்!"

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஹெப்ரானின் தோள் ஒரு அங்குலம் இறங்கியது. கடைசியில் அவர் அம்புரோஸைத் தனியாக அழைத்துப்போனார். குரலில் கெஞ்சல் இருந்தது.

"அண்ணாச்சி, பழைய எஞ்சின்னா ஏதாவது கோளாறு இருக்கத்தானே செய்யும்? மறைக்காமச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

அம்புரோஸுக்கு உண்மை தொண்டைவரை வந்துவிட்டது. மூடி விரிசல், ஆயில் ஒழுக்கு, உடைந்த விசிறி, கிளம்பாத வியாதி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் நிம்மதியாகப் போகும். அப்போது ஜோன்ஸ் தன் இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டு நிற்பது கண்ணில் பட்டது.

"மாதா மேல ஆணையா, ஒரு குறையும் கிடையாது."

சொன்ன பொய்க்குச் சனிக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

"சரி, ஓட்டிக் காட்டுங்க" என்றார் ஹெப்ரான். இன்னும் ஏதோ ஒரு நம்பிக்கை மிச்சமிருந்த குரல்.

ரோசம்மாள் சட்டியோடு நகர, ஜோன்ஸ் தண்ணீர் டிரம்மை எஞ்சினுக்கு அடியில் தள்ளி வைத்தான். இதற்குள் எஞ்சின் ஆறிப்போயிருந்தது. அம்புரோஸ் சிலுவை போட்டுக்கொண்டு, நாற்பது இழுப்புக்கும் சேர்த்து மூச்சைப் பிடித்து, கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார்.

எஞ்சின் கிளம்பிவிட்டது.

புதுசாக வாங்கி வந்த அன்றுகூட அது இப்படிக் கிளம்பியதில்லை. டிரம் தண்ணீர் நுரைத்துப் பொங்க, புகைகூட இல்லாமல் பூனை மாதிரி உறுமிக்கொண்டு ஓடியது. ஜோன்ஸ் வாயைப் பிளந்தான். ரோசம்மாள் மீன் கையோடு மாதாவைக் கும்பிட்டாள். அம்புரோஸுக்குக் கண் கலங்கிவிட்டது. தூத்துக்குடிக் கடையும் புது எஞ்சினும் கண்ணெதிரே வந்து நின்றன.

ஹெப்ரான் இரண்டு நிமிசம் காதைக் கொடுத்துக் கேட்டார். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

"அருமையான எஞ்சின்" என்றார், சாவு வீட்டில் துட்டி கேட்கிற குரலில். "ஆனா எங்களுக்குச் சரிப்படாது. வாறேன்."

கை நீலத்தைக் கழுவத் தெருக்குழாய்ப் பக்கம் நடந்துவிட்டார்.

அம்புரோஸ் விழுந்தடித்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

"டிரைவர் அண்ணாச்சி, அவரு அப்படி என்ன குறை கண்டாரு? எதுன்னாலும் சொல்லச் சொல்லுங்க, இப்பவே சரி பண்ணித் தாரேன்!"

அசன் மைதீன் குழாய்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லக் கூடாதுன்னு சார் உத்தரவு. சொன்னா, நல்ல எஞ்சினைக்கூடச் சீக்குன்னு பொய் சொல்லித் தலையில கட்டிருவாங்களாம்."

"என்னத்தைச் சொல்லக் கூடாது?"

"ரிப்பேர் வேலை படிக்கிற பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்க, உலகத்துல உள்ள கோளாறு அம்புட்டும் ஒண்ணா இருக்குத ஒரு எஞ்சின் வேணும்னு சார் காலையில இருந்து அலையுதாரு அண்ணாச்சி, இதோட நாலு ஊரு பாத்தாச்சு, எவன் வீட்டுலயும் ஒரு குறையும் கிடையாதாம்!"