ஏழாவதிலேயே முடித்த விளையாட்டு

வாய் முந்திக்கொண்டது.

"தெரியுமாவா? ஏழாவது படிக்கும்போதே இதை முடிச்சிட்டேன்க்கா" என்றான் பழசு. சொன்ன பிறகுதான் திரையைச் சரியாகப் பார்த்தான். அப்படி ஒரு விளையாட்டு உலகத்தில் இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

அந்த வீடியோ கேம் கூடத்தில் இடது சுவரோரம் பழைய மெஷின்கள், வலது சுவரோரம் புதியவை. பழைய வரிசையைக் கவனித்துக்கொள்ள முதலாளியம்மாவுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. வருகிறவர்களுக்கு விளையாடிக் காட்ட வேண்டும், பேச்சுக் கொடுத்து உட்காரவைக்க வேண்டும். பழசு இதற்கென்றே பிறந்தவன். குளிர்பதனக் கிடங்கில் இராப்பணியில் பெட்டி தூக்கிக்கொண்டே, புது விளையாட்டுகள் ஏன் உருப்படாது என்று கூட வேலை செய்கிறவர்களுக்குப் பாடம் எடுத்து அவன் சம்பாதித்த பட்டப்பெயர் அது. அவனிடமிருந்து தப்பிக்க ஆட்கள் உறைபனி அறைக்குள் போய் நின்றதுண்டு.

முதலாளியம்மா ஒவ்வொரு மெஷினாக அழைத்துப்போய்க் கேட்டார். எதில் எந்தச் சுவருக்குப் பின்னால் கதவு இருக்கிறது, எந்த எதிரி எப்போது கண் அசருவான், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னான். ஒன்றும் தப்பவில்லை. அந்த வேகத்தில்தான் வரிசையின் கோடியில் நின்ற மரப்பெட்டியிடம் மாட்டிக்கொண்டான்.

திரையில் கட்டம் கட்டமாக ஒரு குட்டி மனிதன். கையில் வாளி. முன்னால் ஐந்து மாடிக் கட்டடம், மொட்டைமாடியில் சிவப்பாக ஏதோ எரிகிறது. உயரமாகக் குதித்தால் வாளித் தண்ணீர் சிந்தும். பெயர், வாளிக்காரன்.

முதலாளியம்மா அவனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியா தம்பி? ரெண்டாவது மாடிக்கு மேல என்ன வரும்?"

ஞாபகமில்லை என்று சொல்ல ஒரு நொடி கிடைத்தது. அதை வீணடித்தான்.

"பூனை வரும்."

"பூனையா?"

"கறுப்புப் பூனைக்கா. வாளியில வாய் வைக்க வரும். துரத்தக் கூடாது. துரத்தினா மேல ஓடிப்போய் எல்லாரையும் எழுப்பி விட்டுடும்."

மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த முதலாளியம்மாவின் தங்கை தலை தூக்கிப் பார்த்தாள். எந்நேரமும் ஹெட்போன் மாட்டியிருக்கிறவள், ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டாள்.

ஒரு வாரம் வந்து வேலை பாருங்கள், சனிக்கிழமை முடிவு சொல்கிறேன் என்றார் முதலாளியம்மா. அவர் நகர்ந்ததும் பழசு அவசரமாக விளையாடிப் பார்த்தான். இரண்டாவது மாடியைத் தாண்டியதும் திரை கறுத்துவிட்டது. பழைய மெஷினுக்கு இதுதான் வியாதி, உள்ளே சர்க்யூட் பலகை சூடாகியிருக்கும் என்று மூலையைப் பார்த்து விளக்கினான். தங்கை, "பாத்துடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கே அவன் கிடங்குக்குப் போய் வேலையை விட்டான். போகிற போக்கில் மேற்பார்வையாளருக்கும் புது விளையாட்டுகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினான். திரும்பிப் போனால் வாசலிலேயே நிறுத்திவைக்கும் தரத்தில் அது இருந்தது.

வீட்டில் மனைவி சோபாவில் கால் நீட்டி மீன் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். வேலை முடிந்து வந்தால் அவளுக்கு ஒரு பெரிய போர் விளையாட்டு. அதில் நாடு பற்றி எரிந்துகொண்டிருக்கும். அவள் ஆற்றங்கரையை விட்டு இதுவரை நகர்ந்ததில்லை.

"ஒரு வாரப் பரீட்சைக்கு, இருக்கற வேலையை விட்டுட்டு வந்துட்டீங்க."

"எனக்குத் தெரியாத விளையாட்டா?"

"தெரியாத விளையாட்டுதானே. இப்ப நீங்கதானே சொன்னீங்க, பூனை கீனைன்னு."

பழசு பேச்சை அவள் விளையாட்டின் மேல் திருப்பினான். குதிரை வாலில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக ஆடுகிறது, ஆனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஓர் அம்பு காட்டிக்கொடுக்கிறதே, இது விளையாட்டா, கையைப் பிடித்து ரோடு தாண்டி விடுவதா? செத்தால் அதே இடத்தில் எழுப்பி உட்காரவைக்கிறான். பிறகு எதற்குச் சாவது? மூன்று உயிர், இரண்டு பட்டன், தோற்றால் முதலிலிருந்து. அதற்குப் பெயர் விளையாட்டு.

"எனக்கு மீன் மாட்டியிருக்கு, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் மனைவி.

மறுநாள் கூடம் திறக்கும் முன்பே போய் வாளிக்காரன் முன் உட்கார்ந்தான். இரண்டாவது மாடி முடிந்தது. திரை கறுக்கவில்லை. மூன்றாவது மாடி வந்தது. மாடிப்படியின் பின்னாலிருந்து சதுரக் காதோடு ஒரு கறுப்புப் பூனை இறங்கி வந்தது.

பழசு முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனான். பூனையைத் துரத்திப் பார்த்தான். அது மேலே ஓடியது. நான்காவது மாடியில் ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு எரிந்தது.

அப்படியானால் அவன் பொய் சொல்லவில்லை. எங்கேயோ, எந்தக் கடையிலோ, ஏழாவது படிக்கும்போது இதை விளையாடியிருக்கிறான். மூளை மறந்திருக்கிறது, வாய் மறக்கவில்லை. அன்றிலிருந்து தன் வாயை அவன் முழுசாக நம்பத் தொடங்கினான். வினை அங்கேதான் பிடித்தது.

மத்தியானம் கூட்டம் சேர்ந்ததும், பூனைக்கு வாளியிலிருந்து தண்ணீர் கொடுத்தால் அது பூட்டிய கதவைத் திறந்துவிடும் என்று அறிவித்தான். கொடுத்தும் காட்டினான். பூனை வாளி மொத்தத்தையும் குடித்துவிட்டு நகரவில்லை. வாளிக்காரன் செத்தான். மறுபடி கொடுத்தான். மறுபடி செத்தான். கூட்டத்தில் ஒருவர், உங்களுக்கு நிஜமாகவே விளையாடத் தெரியுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

பழசு அசரவில்லை. இது பின்னாளில் மாற்றிய பதிப்பு, ஒரிஜினலில் பூனை நிச்சயம் கதவைத் திறக்கும், நான்காவது மாடியில் விழித்துக்கொண்டவர்கள் ஆளுக்கொரு குவளை தண்ணீர் கேட்பார்கள், இல்லை என்று சொன்னவன் ஜெயிக்க முடியாது என்று ஒரே மூச்சில் அடுக்கினான். மூலையில் விசைகள் படபடவென்று தட்டப்படும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை பூனை கதவைத் திறந்தது. நான்காவது மாடியில் வரிசையாகக் குவளைகள் நீண்டன.

"மெஷின் நல்லா ஓடி ஓடி ஒரிஜினலுக்குத் திரும்பிடுச்சு" என்று அவன் விளக்கம் சொன்னபோது முதலாளியம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது.

வீட்டுக்கு ஓடிப்போய் மனைவியிடம் சொன்னான். நேற்று ஒரு மாதிரி, இன்று ஒரு மாதிரி இருந்தால் தன் விளையாட்டில் வாராவாரம் வரும் அப்டேட் மாதிரிதானே இருக்கிறது என்று கேட்டாள் அவள். அவனுக்குச் சுள்ளென்றது.

"பழைய விளையாட்டு வந்தா வந்ததுதான். யாரும் கைவைக்க முடியாது. அதுதான் அதோட நேர்மை."

விஷயம் பரவியது. வாளிக்காரனைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். முதலாளியம்மா வாசலில் பலகை வைத்தார்: சனிக்கிழமை காலை, வாளிக்காரனைக் கடைசிவரை முடித்துக் காட்டுகிறார் பழசு. பலகையைப் பார்த்ததும் அவன் மெஷினிடம் ஓடி இன்னொரு தடவை விளையாடிப் பார்த்தான். ஐந்தாவது மாடிக்குப் போனாலே திரை கறுக்கிறது. முடிக்காவிட்டால் இந்த வேலை இல்லை. கிடங்கிலும் இடமில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளியம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "மொட்டைமாடியில நெருப்பை அணைச்சிட்டா முடிஞ்சிடுமா தம்பி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாய்க்கு அது போதவில்லை. விறைத்த கையோடு குளிர் அறையிலிருந்து வெளியே வந்து, லாரிக்காரர்கள் மூட்டிய நெருப்போரம் நிற்க இடம் தேடிய நாட்கள் எங்கிருந்தோ ஏறி வந்தன.

"அணைக்கக் கூடாதுக்கா. அங்க தீயே பிடிச்சிருக்காது. ஒருத்தன் குளிருக்கு விறகு எரிச்சுட்டு உக்காந்திருப்பான். வாளியைக் கீழ வெச்சிட்டு அவன் பக்கத்துல போய் உக்காரணும். அவ்வளவுதான்."

முதலாளியம்மா தங்கையைத் திரும்பிப் பார்த்தார். மூலையில் ஹெட்போன் முழுசாகக் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. வலது வரிசையில் ஒருவரும் இல்லை. மனைவி கடையில் அனுமதி கேட்டு வந்து முன்னால் நின்றாள். பழசு உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தொடங்கினான். பூனை கதவைத் திறந்தது. குவளைகள் நிறைந்தன. ஐந்தாவது மாடி கறுக்கவில்லை, புகையாக விரிந்தது. இரண்டு உயிர் அங்கேயே போயிற்று. மிச்சமிருந்த ஒன்றோடு மொட்டைமாடி ஏறினான்.

அங்கே ஒருவன் குளிர் காய்ந்துகொண்டிருந்தான்.

யாரோ, ஊத்து, ஊத்து என்று கத்தினார்கள். பழசு வாளியைக் கீழே வைத்தான். குட்டி மனிதன் நெருப்போரம் போய் உட்கார்ந்தான். மற்றவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். பின்னாலிருந்து பூனை வந்து இருவருக்கும் நடுவில் சுருண்டுகொண்டது. பூனை அங்கே வரும் என்று அவன் சொல்லவில்லை. ஆனால் அதுதான் சரி என்று பட்டது.

கைதட்டலில் மரப்பெட்டி அதிர்ந்தது.

பழசு நாற்காலி மேல் ஏறிவிட்டான். இப்போது வருகிற எந்த விளையாட்டிலாவது இப்படி ஒரு முடிவு உண்டா, இதைச் செய்தவன் இந்தக் காலத்து ஆளாக இருக்கவே முடியாது, அந்த மூளையே வேறு, அந்த அச்சு உடைந்து முப்பது வருஷம் ஆயிற்று என்று குரல் கட்டும்வரை முழங்கினான். முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, திங்கட்கிழமையிலிருந்து வேலை நிரந்தரம் என்றார். மனைவி அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, "நெஜமாவே ஏழாவதுல முடிச்சிருக்கீங்க" என்றாள், முதல் தடவையாக நம்பி.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கை வந்தாள். கையில் லேப்டாப் திறந்திருந்தது. கண்ணில் தூக்கமே இல்லை.

"அண்ணா, நான் ரெண்டு மாடிதான் செஞ்சு வெச்சிருந்தேன், அதுக்கு மேல உங்களுக்கு ஞாபகம் வந்ததையெல்லாம் அப்பப்ப செஞ்சு உள்ள போட்டுட்டேன், ரெண்டாம் பாகத்துல என்ன வரும்னும் கொஞ்சம் ஞாபகப்படுத்திச் சொல்லிட்டீங்கன்னா, நாளைக்கே ஆரம்பிச்சிடுவேன்."