பச்சைப் பாதை காலியான நாள்

போகும்போது காலியாகத்தான் இருந்தது. தெருவின் மறுமுனை வரை நடந்து போய்த் திரும்பி வருவதற்குள் சைக்கிள் பாதை முழுக்கக் கார்கள். பொறியாளருக்கு ரத்தம் கொதித்தது.

கடைத்தெருவின் இடது ஓரத்தில் பச்சைப் பெயிண்ட் அடித்து, நடுநடுவே வெள்ளையில் சைக்கிள் படம் வரைந்த பாதை அது. மாநகராட்சியில் ஒவ்வொரு மேசையாக நின்று, கெஞ்சி, முறைத்து, அவர் வாங்கிய பாதை. கடைகள் திறக்கும் முன்பே தினமும் வந்து, காரை ஓரங்கட்டிவிட்டு, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டே நடப்பார். நடந்து முடிப்பதற்குள் இந்த அநியாயம்.

சைக்கிள் படத்தின்மேல் ஏறி நின்றது தையற்கடைக்காரரின் கார்.

"படத்துமேலயே நிறுத்தியிருக்கீங்களே, கண்ணு தெரியலையா?"

"தெரியுது சார். படத்துல எண்ணெய் சொட்டிடக் கூடாதுன்னுதான் அடியில அட்டை போட்டிருக்கேன்."

"இது சைக்கிளுக்குப் போட்ட பாதைங்க!"

"அது சரி சார். ஆனா நீங்களே..."

"ஆமா, நானேதான் சொல்றேன். எடுங்க! எதிர்த்துப் பேசாதீங்க!"

தையற்காரர் காரை எடுத்துவிட்டு, அட்டையையும் சுருட்டிக்கொண்டு போனார். அந்த இடத்தில் மருந்துக்கடைக்காரரின் வேன் வந்து நின்றது.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கச்சேரி.

"வாசல்ல பாருங்க, பச்சைப் பச்சையாக் கறை. தேய்ச்சுத் தேய்ச்சு என் கை போச்சு" என்றாள் மனைவி.

"செருப்புல ஒட்டியிருக்கும். பெயிண்ட் வேலை நடக்குதுல்ல?"

"அந்தப் பெயிண்டை அடிச்சு என்ன பிரயோஜனம்? நேத்தும் பார்த்தேன், பாதை பூராக் கார். இதுல எம்பொண்ணை அனுப்பணுமாம்!"

மகள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவில்லை. அவளுடைய புதுச் சைக்கிள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கூடத்து மூலையில் நின்றது. பள்ளிக்கூடம் அந்தக் கடைத்தெருவைத் தாண்டித்தான். பாதை வந்ததும் சைக்கிளில் போகலாம் என்று அப்பா கொடுத்த வாக்கு, பாதை வந்த பிறகும் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"அம்மா, எல்லாரும் போறாங்கம்மா..."

"ஒரே ஒரு நாள் அந்தப் பாதை காலியா இருக்கிறதை நான் என் கண்ணால பார்க்கணும். அப்புறம் போ. நான் தடுக்கல."

பொறியாளருக்குச் சோறு இறங்கவில்லை. மகளின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

போதாக்குறைக்கு ஆணையர் கூப்பிட்டனுப்பினார். "கடைக்காரங்க பாதையை எடுத்துட்டு பார்க்கிங் ஆக்கித் தரச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமை நானே சைக்கிள்ல வரேன். குறுக்க ஒரு வண்டி நின்னாலும் பெயிண்டைச் சுரண்டிட்டு அவங்களுக்கே கொடுத்துடுவேன்."

செவ்வாய்க்கிழமை பொறியாளர் பாதையின் விளிம்பில் பெரிய பெரிய சிமெண்டுத் தொட்டிகளை வைத்து, பூச்செடி நட்டார். அழகாக, சீரான இடைவெளி விட்டு வைத்தார். அந்த இடைவெளி சரியாக ஒரு கார் நுழையும் அளவு என்பது மறுநாள்தான் தெரிந்தது. இரண்டு தொட்டிக்கு நடுவே ஒரு கார் வீதம், அளவெடுத்துத் தைத்ததுபோல் நின்றன.

"முன்னாடி இஷ்டத்துக்கு நிறுத்துவாங்க சார். இப்பத்தான் ஒரு ஒழுங்கு வந்திருக்கு" என்று மருந்துக்கடைக்காரர் மனதாரப் பாராட்டினார். செடிக்குத் தண்ணீர்கூட ஊற்றியிருந்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டிகளை வாரிப் போட்டுவிட்டு, புதன்கிழமை இரும்புக் கம்பங்களை நட்டார். நெருக்கமாக, கார் நுழையவே முடியாதபடி. பாதை தொடங்கும் இடத்தில் மட்டும், ஆய்வுக்கு வசதியாகக் கொஞ்சம் இடைவெளி விட்டுவைத்தார். அது போதுமாக இருந்தது. அதன் வழியாகக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து, கடைசிவரை போய், ரயில் பெட்டிகள்போல் நின்றன. கம்பங்களில் மோட்டார் சைக்கிள்களைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

"கம்பம் வந்ததுலேர்ந்து திருட்டுப் பயமே இல்ல சார்" என்றார் ஒருவர், கையைப் பிடித்துக் குலுக்கி.

பொறியாளர் தலையில் அடித்துக்கொண்டார். அடித்த கையையும் ஒருவர் பிடித்துக் குலுக்கினார்.

கம்பங்களைப் பிடுங்கிவிட்டு, வியாழக்கிழமை ஒரு காவலாளியை நியமித்தார். கையில் விசில், இடுப்பில் பெல்ட், மார்பில் பட்டை. அன்று காலை பொறியாளர் வந்து இறங்கும்போதே காவலாளி சல்யூட் அடித்துக் கார்க் கதவைத் திறந்துவிட்டார். 'இவன்தான் ஆள்' என்று பொறியாளர் நிம்மதியாக நடையைக் கட்டினார்.

திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே விசில் சத்தம் கேட்டது.

"வா, வா, வா... இன்னும் வரலாம்... ஒடிச்சு வா... ரைட்டு!"

"யோவ்! என்னய்யா பண்றே?"

"கோணலா நிறுத்துறாங்க சார். நேரா நிறுத்த வைக்கிறேன்."

"நிறுத்தவே கூடாதுய்யா!"

காவலாளி அவரையும், அவருக்குப் பின்னாலிருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருமேவா சார்?"

"யாருமேதான்!"

"சரி சார்" என்றார் காவலாளி, ஒன்றும் புரியாத முகத்தோடு.

அன்று மாலை பொறியாளர் வீட்டில் உட்கார்ந்து, பாதையைச் சுரண்ட எத்தனை ஆட்கள் வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்தாள். "கார் பூராப் பச்சைக் கறை. கழுவக் கொடுத்துட்டேன். நாளைக்குச் சாயந்திரம்தான் வரும்."

"நாளைக்கு ஆணையர் வர்றாருடி!"

"பஸ்ல போங்க. நாங்களும் வரோம். உங்க பாதை எப்படி இருக்குன்னு நானும் பார்க்கிறேன்."

வெள்ளிக்கிழமை மனைவி, மகளோடு பஸ்ஸில் கசங்கி, தாமதமாக வந்து இறங்கிய பொறியாளர், மானம் போகும் காட்சியைப் பார்க்கத் துணிவில்லாமல் முதலில் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். பிறகு இரண்டையும் திறந்தார்.

பாதை காலியாக இருந்தது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு கார் இல்லை, ஒரு மோட்டார் சைக்கிள் இல்லை. பச்சைப் பசேலென்று கிடந்தது. காவலாளி வேலையில்லாமல் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆணையர் மணியடித்துக்கொண்டே சைக்கிளில் ஒரு சுற்று வந்தார். பின்னாலேயே, பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்த புதுச் சைக்கிளில், பிளாஸ்டிக் உறை பறக்க மகள் வந்தாள். உறையைப் பிரிக்கக்கூட அவளுக்குப் பொறுமையில்லை. அவள் சிரித்துக்கொண்டே கடந்து போனபோது பொறியாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி, திங்கக்கிழமையிலேர்ந்து போகட்டும்" என்றாள் மனைவி. அதற்கே அவருக்கு ஓர் அடி உயரம் கூடியது.

"பிரமாதம்யா! எப்படிச் சாதிச்சீங்க?" என்றார் ஆணையர்.

பொறியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தொட்டி வச்சேன், கம்பம் நட்டேன், ஆள் போட்டேன் சார். எல்லாத்துக்கும் மேல, முன்மாதிரின்னு ஒண்ணு இருக்கு. நாம எப்படி நடந்துக்கறோமோ அதைப் பார்த்துத்தான் ஜனங்க நடப்பாங்க."

"அருமை! இதையே மத்தப் பொறியாளர்களுக்கும் வந்து சொல்லுங்க" என்று ஆணையர் முதுகில் தட்டினார்.

அப்போது கழுத்தில் அளவு நாடாவோடு தையற்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"சார், உங்க காருக்கு என்ன ஆச்சு சார்? தினம் காலையில முதல்ல நீங்க கொண்டாந்து நிறுத்துவீங்க, அதுக்குப் பின்னாடி நாங்க வரிசையா நிறுத்துவோம். இன்னிக்கு உங்க காரைக் காணோமா, சரி, இன்னிக்கு நிறுத்தக் கூடாது போலிருக்குன்னு எல்லாரும் பக்கத்துத் தெருவுல விட்டுட்டு நடந்து வர்றோம். நாளைக்காவது கொண்டாந்துடுவீங்கல்ல?"