பத்து மணிக் கூட்டத்தில் ஏழாவது நிழல்

என்னை இப்போது மேடைகளில் 'அஜைல் முறையின் முன்னோடி' என்று அறிமுகப்படுத்துகிறார்கள். கோவையில் நான் முதன்முதலாகக் கம்பெனி நடத்திய வீதியில் விசாரித்தால், ஆவி கூப்பிடுகிற தம்பி என்றுதான் சொல்வார்கள். இரண்டுக்கும் காரணம் ஒரே கூட்டம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, தினமும் கூடிப் பேசி சாஃப்ட்வேர் எழுதும் முறைக்கு அஜைல் என்ற பெயரே அப்போது புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்து ஐந்து பேர் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். வெளிநாட்டு நண்பன் ஒருவன் அனுப்பிய மின்னஞ்சலைப் படித்துவிட்டு (அரைகுறையாகத்தான்) நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். காலை பத்து மணிக்கு எல்லாரும் மேசையைச் சுற்றி நிற்க வேண்டும். நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன செய்வேன், எது தடை, இவ்வளவுதான் பேச வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்பதால் உட்காரக் கூடாது. பாக்கி வேலைகளை, வீட்டு ரிப்பேர் உட்பட, சின்ன அட்டைகளில் எழுதி மேசையில் பரப்பியிருப்போம். அவை பறக்காமலிருக்க ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைப்போம்.

பொள்ளாச்சிப் பக்கம் பம்ப் கம்பெனி வைத்திருந்த ஒருவர் எங்கள் வேலைமுறையைப் பார்க்க வந்தார். அவர் ஆர்டர் கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் கடையைக் கட்ட வேண்டியதுதான். வந்தவரை உட்காரச் சொல்வதுதான் எங்கள் ஊரில் முதல் மரியாதை. நானோ அறுபது வயது மனிதரை நிற்க வைத்தேன்.

"ஏனுங்க தம்பி, சேர் இல்லீங்களா?"

இதுதான் முறை என்று பெருமையாகச் சொன்னேன் (திமிர், வேறென்ன).

கூட்டம் தொடங்கியதும் கரண்ட் போனது. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதென்று ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்திருந்ததால் பகலிலேயே கும்மிருட்டு. மெழுகுவர்த்தியை மேசை நடுவில் ஏற்றி, தானாகவே தாழ்ந்துவிட்ட குரலில் தொடர்ந்தோம். சுவரைப் பார்த்தேன். ஆறு பேருக்கு ஏழு நிழல்கள்.

ஏழாவது ஆள், மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா. அவர் கணவர் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நாங்கள் நின்றிருந்தது இறந்தவருடைய அறை. மெழுகுவர்த்தி, அட்டைகள், கவிழ்த்த டம்ளர், முணுமுணுக்கும் ஆட்கள். நாங்கள் ஆவி கூப்பிடுவதாக அந்த அம்மா புரிந்துகொண்டார். தவறு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆர்டர் தரப்போகிறவர் முன்னால் அசட்டுத்தனமாகத் தெரியுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த அம்மா டம்ளரைப் பார்த்து மெதுவாகப் பேசினார்.

"நேத்து ஒண்ணும் முடிக்கலீங்க. இன்னைக்கும் ரெண்டு பேருக்குத்தான் உலை வெச்சுப்போட்டேன். நீங்க இல்லாததுதானுங்க தடை. பீரோ சாவிய எங்க வெச்சீங்க?"

டம்ளர் ஒரு சாண் நகர்ந்தது. சத்தமே இல்லை. 'மோட்டார் பழுது' என்று எழுதியிருந்த அட்டைமேல் போய் நின்றது.

அந்த அம்மா கொல்லைப்புற மோட்டார் ரூமுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையெல்லாம் கிரீஸ், உள்ளங்கையில் சாவி.

பொள்ளாச்சிக்காரர் என்னைத் தனியே அழைத்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"கம்ப்யூட்டரெல்லாம் வேண்டாமுங்க. அமாவாசைக்கு நம்ம ஊட்டுக்கு வந்து செத்துப்போன எங்கய்யனை ஒருக்கா கூப்புட்டுக் குடுங்க தம்பி."

அடுத்த மாதம் கடையைக் கட்டிவிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறினேன். முன்னோடி ஆனதெல்லாம் அங்கேதான்.

இன்றும் வீட்டில் ஏதாவது தொலைந்தால் என் மகள் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து என் முன்னால் வைத்து, "கேளுங்கப்பா" என்பாள். அன்று அதைத் தள்ளியது நான்தான் என்று குடும்பமே நம்புகிறது. நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே டம்ளரை நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றிக் குடித்துவிடுவேன். என் கை அன்று மேசைமேல் இல்லை.