தோலக்காவின் குழிக்குச் சாமி வந்த கதை

இந்தத் தாளைப் பார்த்து அச்சுக் கோர்க்கப் போகிறவர் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் எழுத்து, சேற்றில் ஆடு நடந்து போன மாதிரி இருக்கும். பதுளைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். தப்பிருந்தால் நீங்களே திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் நின்று வாயைத் திறக்க எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

வெங்காயம் உரிக்கிற சத்தம் காதில் விழுகிற மனிதப் பிறவி இந்த இலங்கைத் தீவிலேயே ஒருத்தர்தான் இருந்தார். அவர்தான் எங்கள் தோலக்கா.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் ஸ்டோரில் வேலையாக இருந்தேன். தேயிலை அரைக்கிற ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீடுதான் லயம். அதில் எனக்கு அடுத்த காம்பரா, அதாவது அறை, தோலக்காவுடையது. லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது; மேலே திறந்தே கிடக்கும். என் மனைவி அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு வெங்காயத்தில் நகம் வைப்பாள். உடனே சுவருக்கு மேலிருந்து குரல் வரும்.

"தங்கச்சி, தோல எறிஞ்சிராத! இந்தா வந்துட்டேன்."

அவருக்கு வேறு ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். மாட்டு வண்டி ஓட்டுகிற அவர் புருஷனுக்காவது அது தெரிந்திருக்கலாம். ஆனால் அந்த மனிதர் மாதத்தில் பாதி நாள் பண்டாரவளைக்குப் பாரம் ஏற்றப் போய்விடுவார். மீதி நாள், பேச்சு கொடுத்தால் மாட்டுச் சாணம் எங்கே என்று கேட்பாளோ என்று பயந்து வாயே திறக்க மாட்டார்.

அக்காவுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். லயத்துக்குப் பின்னால் சரிவில் ஒரு துண்டு நிலம் வைத்திருந்தார். அவரை, பூசணி, கீரை, குரக்கன் என்கிற கேழ்வரகு, வேலியோரம் நாலு வாழை. அந்தத் துண்டின் ஓரத்தில்தான் அந்தக் குழி இருந்தது. லயத்தில் விழுகிற தோல், சாம்பல், சருகு, மாட்டுச்சாணம் எல்லாம் அதற்குள் போகும். ஆறேழு மாதம் கழித்து வெளியே வரும்போது காப்பித்தூள் மாதிரி கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த காட்டு வாசனையோடு வரும்.

குழிக்கு இரை தேடுவதில் அக்காவுக்கு வெட்கம் கிடையாது. துரை குதிரையில் வந்தால் நாங்கள் எல்லாரும் பாதையோரம் ஒதுங்கிக் குனிந்து சலாம் வைப்போம். அக்கா எங்களைவிடத் தாழக் குனிவார். கையில் கூடை இருக்கும். குதிரை நகர்ந்ததும் கூடை நிறைந்துவிடும். இந்தத் தோட்டத்திலேயே மரியாதை தெரிந்த பெண் அவள் ஒருத்திதான் என்று துரை கணக்கப்பிள்ளையிடம் மெச்சினாராம்.

கலியாண வீட்டுக்குப் போனால் பெண்ணையும் பார்க்க மாட்டார், மாப்பிள்ளையையும் பார்க்க மாட்டார்.

"மொத்தம் எத்தன பந்தி மாமா?"

"நீ முதல்ல உக்காந்து சாப்புடு தாயி."

"சாப்பாடு கெடக்கட்டும். எச்சி எல எங்க போடுறீங்க?"

ஒரு தடவை பாடையிலிருந்து உதிர்ந்த பூவையும் பொறுக்கினார். எங்களை வேலை வாங்குகிற கங்காணி கத்திவிட்டார். "ஏம்மா, இதையுமா?" அக்கா நிமிராமலே சொன்னார்: "மண்ணுக்குப் போறதுதானுங்க. கொஞ்சம் முன்னாடி போவுது."

வீட்டுக்குள்ளேயும் இதே கதைதான். உப்பும் மண்ணெண்ணெயும் தவிரக் கடையில் ஒன்றும் வாங்க மாட்டார். அவரிடம் பூசணி வாங்கினால் சதையை நாங்கள் தின்போம். தோலைக் கேட்டு வாங்கிப் போய் அவர் துவையல் அரைப்பார். துவையலாகாத தோல்தான் குழிக்குப் போகும். பலாக்கொட்டையைக் காயவைத்து மாவாக இடித்து ரொட்டி தட்டுவார். அந்த ரொட்டியை நான் தின்றிருக்கிறேன். முதல் வாயில் மனிதனுக்குக் கோபம் வரும். மூன்றாவது வாயில் இன்னொன்று கேட்கத் தோன்றும்.

பதுளையில் எங்களுக்குச் சாமான் கொடுக்கிற முஸ்லிம் கடைக்கார நானா ஒருநாள் என்னிடம் முறையிட்டார். "உங்க லயத்துல எல்லாரும் அந்தம்மா மாதிரி ஆயிட்டா நான் கடையப் பூட்டிட்டு மக்கா போயிரலாம் தம்பி. வந்தாங்க. கா றாத்தல் உப்பு வாங்குனாங்க. கடைக்குப் பின்னால கெடந்த அழுகல் வெங்காயத்தப் பூராவும் சாக்குல கட்டிட்டுப் போனாங்க. போறப்ப, சாக்குல ஓட்டைன்னு என்னையவே ஏசிட்டுப் போறாங்க."

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்த கையோடு அரிசித் தட்டுப்பாடு வந்தது. கப்பல் சரியாக வரவில்லை. தோட்டத்தில் அளந்து போடுகிற அரிசி குறைந்துகொண்டே போனது. அதுவரை அக்காவைப் பார்த்துச் சிரித்தவர்கள் வேலியோரம் நின்று பூசணியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் குழி எருவை எடுத்துப் போட்டு நிலம் முழுக்க விதைத்துவிட்டால் தை வரைக்கும் அடுப்பு எரியும் என்று அக்கா கணக்குப் போட்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் உத்தரவு வந்தது. லயங்களைப் பார்க்க டாக்டர் துரை வருகிறாராம். லயத்தைச் சுற்றி இருக்கிற குப்பைக்குழி எல்லாவற்றிலும் சுண்ணாம்பைக் கொட்டி மூட வேண்டுமாம். வாசல் கூட்டுகிற சின்னான் சுண்ணாம்பு வாளியோடு வந்து சேதி சொன்னான்.

"இது குப்பைக்குழி இல்லடா. எருக்குழி," என்றார் அக்கா.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. நாத்தம் அடிச்சா மூடச் சொல்லி உத்தரவு."

"மோந்து பாரு. நாத்தமா அடிக்குது?"

சின்னான் குனிந்து மோந்து பார்த்தான். "இல்லதான். ஆனா டாக்டரு தொரை குனிய மாட்டாருக்கா. நாளைக்குக் காலையில மூடிருவேன், கோவிச்சுக்காதீங்க."

மறுநாள் எல்லாரும் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் மலைக்கும் நான் ஸ்டோருக்கும் போய்விட்டோம். மத்தியானம் நான் திரும்பி வந்தபோது லயத்துக்குப் பின்னால் கூட்டமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். குழிமேல் மண் மேடு கட்டி, அதன்மேல் ஒரு ஆற்றுக்கல் நட்டிருந்தது. கல்லுக்கு மஞ்சள், குங்குமம். பக்கத்தில் பழைய கவ்வாத்துக் கத்தி ஒன்று செங்குத்தாக நின்றது. அதன் நுனியில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. சின்னான் சுண்ணாம்பு வாளியை எங்கேயோ போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தான்.

அக்கா என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். நானும் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தேயிலைச் செடியை வெட்டி இறக்குவதுதான் கவ்வாத்து. அதைத் தொடங்குமுன் ஒரு கல்லை நட்டு, கத்தியை வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். கவ்வாத்துத் தொடங்கவேண்டிய நேரமும் அதுதான். அதனால் இது என்ன சாமி என்று ஒருவரும் கேட்கவில்லை. கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்து கும்பிட்டார். கூலிகளின் சாமியில் கை வைக்க வேண்டாம் என்று துரையும் சொல்லிவிட்டார். டாக்டர் துரை வந்தார். தூரத்தில் நின்று தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். குழி தப்பியது.

ஆனால் அக்கா ஒன்றை யோசிக்கவில்லை. சாமி குடியிருக்கிற இடத்தில் யார் மண்வெட்டி போட விடுவார்கள்?

மூன்றாம் நாளே வேலி கட்டிவிட்டார்கள். பெண்கள் கோலம் போட்டார்கள். தேங்காய் உடைந்தது, வாழைப்பழம், பூ, பால் எல்லாம் கல்மேல் வந்து விழுந்தது. முதலில் அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாலு கூட ஊத்துறாங்க தம்பி! இனி குழிக்கு என்ன குறை!" என்றார். பிறகு மெல்ல ஒரு கூடையோடு பக்கவாட்டில் தோண்டப் போனார். கங்காணி மனைவி பார்த்துவிட்டார்.

"அடி பாவி! சாமி எடத்துல மம்பட்டி போடுறியா? ஒங் கையி வெளங்குமாடி?"

அக்கா கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து என் வாசலில் உட்கார்ந்தார். வானத்தில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"நான் வச்ச கல்லு தம்பி. என்னையவே வெளிய நிறுத்திருச்சு. மழ விழுந்துட்டா வெதக்க முடியாது. தைக்கு நான் எதப் பொங்குவேன்?"

"உண்மையச் சொல்லிருங்கக்கா," என்றேன்.

"சொன்னா லயத்த விட்டே அடிச்சுத் தொரத்திருவாங்கடா." தலையிலிருந்த கூடையை எடுத்துக் கீழே வைத்தார். "கல்லு வாயத் தொறந்து சொன்னாத்தான் உண்டு."

அந்த வெள்ளிக்கிழமை பூசையில் கற்பூரம் காட்டும்போது அக்காவுக்குச் சாமி வந்தது. அதற்குமுன் அவர் ஆடி யாரும் பார்த்ததில்லை. ஆடுகிற மாதிரியும் இல்லை. குளவி கொட்டினவர் குதிக்கிற மாதிரி இருந்தது.

"மூச்சு முட்டுதுடா! எம் மேல இருக்குற பாரத்த எடுங்கடா!"

கங்காணி கை கட்டி நின்றார். "என்ன பாரம் சாமி?"

"எனக்குக் கீழ இருக்குற மண்ணுடா! தோண்டி எடுத்துட்டு என்னைய மறுபடி ஒக்கார வைங்கடா! வீட்டுக்கு ஒரு கூடை கொண்டு போங்க. அந்த வண்டிக்காரன் பொண்டாட்டிக்கு மட்டும் பத்துக் கூடை!"

"அந்தம்மாவுக்கா சாமி? அது ஒங்க மேல போட்ட வாழப்பழத் தோலக்கூடப் பொறுக்குற ஆளாச்சே."

"குடுடான்னா குடுக்கணும்!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அக்கா மயங்கி விழுந்தார்.

விழுந்ததுதான் தப்பு. சனம் கூடையும் சாக்குமாகப் பாய்ந்தது. மயக்கம் உடனே தெளிந்தால் பொய் என்று தெரிந்துவிடும். தெளியாமல் கிடந்தால் எரு போய்விடும். அக்கா ஒரு கண்ணைத் திறந்து, தன் ஏழு மாத உழைப்பு வரிசையாகத் தலைச்சுமையில் போவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "சாமி அழுவுது," என்று பெண்கள் குலவை போட்டார்கள். அவர் எழுந்து உட்கார்ந்தபோது குழிக்குள் ஒரு எலும்புத் துண்டும் கல்லும்தான் மிச்சம்.

அதுகூடப் போகட்டும். கொண்டுபோனவர்கள் அதை என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? ஒருவன் நெற்றியில் பூசினான். ஒருத்தி மஞ்சள் துணியில் முடிந்து நிலையில் தொங்கவிட்டாள். கங்காணி வீட்டில் அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தார்கள். அக்கா வீடு வீடாகப் பார்த்துவிட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டார். "துன்னூறாடா அது? மண்ணுல போடுற பொருளுடா!"

வேறு வழியில்லை. கல்லைக் குழியோரம் மறுபடி நட்டிருந்தார்கள்; அடுத்த வெள்ளிக்கிழமையும் சாமி வந்தது. இந்தத் தடவை விவசாயம் பேசியது.

"வீட்டுப் பின்னால கொத்தி, எம் மண்ணப் போட்டு, கீர வெதச்சு, அவரை ஊனுங்கடா! ஒரு சாண் எடவெளி விடணும்! வெங்காயத் தோல வழியில போட்டா நான் மலை ஏறிருவேன்!"

அப்படியே செய்தார்கள். மழையும் சரியாக விழுந்தது. லயத்துக்குப் பின்னால் எல்லா வீட்டிலும் முளை கிளம்பியது. அக்காவின் துண்டில் மட்டும் எரு இல்லாத செடி வெளிறிப்போய் நின்றது. ஆனாலும் வெள்ளிக்கு வெள்ளி சாமி வந்து, யார் களை எடுக்கவில்லை, யார் சாம்பலை வீணாக்கினார்கள் என்று பெயர் சொல்லி ஏசிவிட்டுப் போனது.

கார்த்திகையில் ஒரு வெள்ளி. அக்கா உச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தார். கங்காணி திருநீறு வாங்க முன்னால் வந்தவர், வேலியோரம் கால் மாற்றி வைத்தார். அவ்வளவுதான். ஆட்டம் சட்டென்று நின்றது.

"யோவ் கங்காணி! கண்ணு எங்கய்யா இருக்கு? அவரக் கொடிய மிதிக்காதய்யா!"

சாமிக் குரல் இல்லை அது. சுவருக்கு மேலிருந்து தினமும் வருகிற குரல். உடுக்கை நின்றுவிட்டது. அக்காவின் முகம் சாம்பலாகிப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழப்போகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

கங்காணி காலை மெதுவாக எடுத்தார். குனிந்து கொடியை நிமிர்த்தி வைத்தார். பிறகு கை இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"தெரியாம மிதிச்சுட்டேன் சாமி. மன்னிச்சிருங்க." திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? நான் கொண்டாரச் சொன்னத சாமிக்குப் போடுங்க."

வீட்டுக்கு ஒருத்தர் முன்னால் வந்தார்கள். வெங்காயத் தோல், வாழைத்தோல், சாம்பல், சாணம். காலியாக இருந்த குழி அரைவாசி நிறைந்தது. சின்னான் எங்கிருந்தோ குதிரைச் சாணமே கொண்டுவந்திருந்தான். அக்கா சாமியாக நிற்பதா, ஆளாக நிற்பதா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

திரும்பும் வழியில், என் ஆயுசிலேயே முதல் தடவையாக நானாகக் கங்காணியிடம் பேச்சுக் கொடுத்தேன். "ஒங்களுக்கு எப்பத் தெரியுங்க?"

"ரெண்டாவது வெள்ளியே தெரியும். சாமி வந்தா வெங்காயத் தோலப் பத்தியா பேசும்?"

"அப்ப ஏன் கும்பிட்டீங்க?"

"கல்லு யாரு நட்டா என்னடா? மஞ்ச பூசியாச்சுல்ல," என்றார். பிறகு கொஞ்சம் நடந்து, "எம் புள்ளைங்க இந்த மாசம் பசியில்லாமத் தூங்குதுங்க," என்றார்.

தைப்பொங்கலுக்கு அக்காவின் வாசலில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிடி அவரையும் ஒரு கீரைக்கட்டும் வந்து குவிந்தன. அவர் நன்றி சொல்லவில்லை. "நார உரிச்சு எறிஞ்சிராதீங்க" என்று மட்டும் எல்லாரையும் எச்சரித்தார். இரண்டு வருஷம் கழித்து, மாசி மாதத்தில், காய்ச்சல் கண்டு போய்விட்டார். அவர் பாடையில் ஒரு பூகூடக் கீழே விழவிடாமல் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் நேரே குழிக்குத்தான் போனது.

வெள்ளிக்கிழமைப் பூசை இன்றும் நடக்கிறது. கங்காணி யாரைக் கும்பிடுகிறார் என்று நான் திரும்பக் கேட்டதில்லை. நான் யாரைக் கும்பிடுகிறேன் என்பது எனக்குத் தெரியும்.

இதை எழுதி முடித்தது மாசி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.