கரண்ட் ஓடாத கம்பி

"எனக்கெதற்கு" என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாடத்திட்டம் கைக்கு வந்ததும், படிக்க வேண்டியதை விட்டுவிட்டு, படிக்காமல் தப்பிக்கக் கூடியது எது என்று தேடும். மின் பொறியியல் வகுப்புகளில் செழித்து வளரும்.

கிரிசாந்தோ அபுவேவா பிலிப்பைன்ஸின் தக்லோபான் நகரக் கல்லூரியில், எடையும் இழுவிசையும் கணக்கிடும் நிலையியல் வகுப்பை விட்டு வெளியேறியது ஆகஸ்ட் மாதத்து மழைச் செவ்வாய் ஒன்றில்.

"சார், கரண்ட்டுக்கு எடை உண்டா?"

"கரண்ட்டுக்கு இல்ல. கம்பிக்கு உண்டு" என்றார் ஆசிரியர்.

"அது சிவில் பசங்க தலைவலி சார்."

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்போடு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பொருளறிவியல் வகுப்புப் பக்கம் போகவே இல்லை. செம்பு செம்புதான், அலுமினியம் அலுமினியம்தான். இதில் ஒரு பருவம் முழுக்கப் படிக்க என்ன இருக்கிறது? நண்பர்களின் விடைத்தாள் புண்ணியத்தில் இரண்டிலும் தேறினான்.

பிறகு சமார் தீவின் கரையோரச் சிற்றூர் ஒன்றின் மின் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. அங்கே எல்லோரும் அவனை 'இன்ஜினியர்' என்றே கூப்பிட்டார்கள். பாதிரியார்கூட, ஞானஸ்நான விருந்தில்கூட. கேட்கக் கேட்க, தனக்குத் தெரியாதது எதுவும் பாக்கியில்லை என்று அவனுக்கே தோன்றிவிட்டது. தோன்றாதா?

ஊர்முனையில் புதிய மின்பாதை ஓரிடத்தில் திரும்ப வேண்டியிருந்தது. திருப்பத்துக் கம்பத்தின் உள்பக்கம் பெலிசாவின் சோற்றுக்கடை. வெளிப்பக்கம் கூடைப்பந்து மைதானம். லைன்மேன் தியோனி கம்பத்தையும் கடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்ஜினியர், ரெண்டு பக்கத்துக் கம்பியும் சேந்து கம்பத்தைக் கடைப் பக்கமா இழுக்கும். மைதானத்துப் பக்கம் ஒரு ஸ்டே கம்பி கட்டி மண்ணுல இறுக்கிடுவோம்."

"திருவிழா மேட்ச் வருது, பசங்க தடுக்கி விழுவாங்கன்னு ஊர்த் தலைவர் சொல்றாரு. அந்தக் கம்பியில கரண்ட் ஓடுமாண்ணே?"

"ஓடாது."

"ஓடாத கம்பி எதுக்கு?"

மேட்ச் அமர்க்களமாக நடந்தது. கம்பமும் நகர்ந்தது, மாதத்துக்கு ஒரு விரற்கடை. பெலிசா துபாயில் பத்து வருஷம் வீட்டு வேலை செய்து சேர்த்ததெல்லாம் அந்தக் கடையின் தகரக் கூரைக்கு அடியில்தான் இருந்தது.

"இன்ஜினியர், கம்பம் என் சட்டிக்குள்ள எட்டிப் பாக்குது."

கிரிசாந்தோ மீட்டரோடு வந்து கடைச் சுவரின் பிளக்கில் வைத்துப் பார்த்தான். "இருநூத்தி முப்பது. அருமையா இருக்குக்கா."

"அது சாயுதுங்கிறேன்."

"சாயறதெல்லாம் இதுல தெரியாதுக்கா."

புயலா வந்தது? இல்லை. இலைகூட அசையாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரே பூசையில் இருந்தபோது, கம்பம் கடைமேல் படுத்துவிட்டது. ஆள் சேதமில்லை. அடுப்பு, உறைபெட்டி, பத்து வருஷம் எல்லாம் நசுங்கின. "மின்சாரத்தில் பிழை எதுவும் இல்லை" என்று அறிக்கை எழுதினான் கிரிசாந்தோ. சத்தியமான வார்த்தை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நீங்கள் மருத்துவர், அல்லது வழக்கறிஞர், அல்லது கவிதை எழுதுகிறவர்; கம்பத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம், இல்லையா? இப்போது அப்படி நினைத்தது யார் என்று கொஞ்சம் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபடி துபாய்க்குப் போய் உழைத்துவிட்டு, மூன்று வருஷம் கழித்து ஊர் திரும்பிய பெலிசா, கிரிசாந்தோவின் கைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பினாள்:

"புதுக் கடை கட்டிட்டேன். கரண்ட் வேணும். நீங்க வர வேணாம் இன்ஜினியர். தியோனி அண்ணனை அனுப்புங்க."